பிக்கப்பில் கூடுதல் ஃபியூஸ், ரிலே பாக்ஸ் போடக் கொடுப்பவர்களுக்கு: எனக்கு நடந்தது

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள் இரவு, ஒன்பது மணி இருக்கும். மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் மலைச்சாலையில் என் பிக்கப்பின் முன்விளக்குகள் இரண்டும் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. பின்னால் பெட்டி பெட்டியாகச் செவ்வந்தியும் ரோஜாவும். பக்கத்து சீட்டில் என் மகன். சாலை வளைகிறது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்து, ஹஸார்ட் விளக்கைப் போட்டு, அந்த மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு அடித்ததில் சாலையோரக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கினேன். அந்த அரை நிமிடத்தை இன்னும் தூக்கத்தில் காண்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் 780 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வயரிங் வேலை பார்த்திருந்தேன். இந்தச் சாலையில் பயமில்லாமல் வரவேண்டும் என்பதற்காகவே பார்த்த வேலை அது.

எனக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் பூக்கடை. வாரம் ஒரு முறை கேமரன் மலைக்கு நானே போய்ப் பூ ஏற்றி வருவேன். மேலே குளிர், கீழே ஈப்போ வந்ததும் வெக்கை. மூடிய பின்பகுதியில் காற்று ஓடாவிட்டால் பூ வியர்த்து அழுகிவிடும். அதனால் இரண்டு 12 வோல்ட் ஃபேன், ஏற்றி இறக்க இரண்டு எல்.ஈ.டி விளக்கு, உதிரிப் பூவுக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் பூட்டியதால் பேட்டரி முனையில் வயர்கள் கொத்தாகத் தொங்கின. எதற்கு எது என்று யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் எடுத்துவிட்டு, போனட்டுக்குள் தனியாக ஒரு ஃபியூஸ், ரிலே பாக்ஸ் (கரண்ட் மிஞ்சினால் எரிந்து துண்டிக்கும் ஃபியூஸ்களும், சுவிட்ச் வேலை பார்க்கும் ரிலேகளும் ஒரே பெட்டியில்) வைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று ஒருவர் சொன்னார். யோசனை சரியானதுதான். இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறையில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் நம் ஆள், வயதில் சின்னவர். ஆறு ஃபியூஸ், நான்கு ரிலே உள்ள பாக்ஸ், மெயின் ஃபியூஸ், தடித்த செம்பு வயர், ஒரு வருட வாரண்டி என்றார். எந்தப் பொருள் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்றதற்கு, "வேணாங்கா, நீங்க ஏர்கான்ல உக்காருங்க, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. துண்டுச்சீட்டில் "வயரிங் 780" என்று மட்டும் எழுதித் தந்தார். வெளியிலிருந்து பார்க்கக் கறுப்பு மூடியோடு பாக்ஸ் பளபளவென்று இருந்தது.

அன்றே ஒன்றைக் கவனித்தேன். முன்விளக்கைப் போட்டால்தான் ஃபேன் ஓடியது. கேட்டேன். "அப்படித்தாங்கா, அது சேஃப்டி" என்றார். நான் ஓட்டுவது இரவில் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலையில் நின்றபோது மகன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வண்டியோடு வந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். சிவப்பு ஃபியூஸ் ஒன்று, 10 ஆம்பியர், எரிந்திருந்தது. உதிரியைச் செருகினான், அதுவும் உடனே போனது. பின்னால் வந்த காய்கறி லோரிக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கி வந்தார். கேமரன் தோட்டத்துத் தமிழர். டெஸ்ட் விளக்கோடு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பத்து நிமிடம் தேடினார். "இது யாரும்மா போட்ட வயர்?" என்று கேட்டு ஒரு வயரைக் கட்டரால் வெட்டினார். மூன்றாவது ஃபியூஸ் நின்றது, முன்விளக்கு எரிந்தது. காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை, "பூ ஏத்தியிருக்கீங்க, சாமி காரியம், பாத்துப் போங்க" என்றார். அவர் மட்டும் நிறுத்தாமல் போயிருந்தால் நாங்கள் விடியும்வரை அங்கேயே கிடந்திருப்போம்.

முன்விளக்கு வந்துவிட்டது, ஆனால் ஃபேன் ஓடவில்லை. வீடு சேர மூன்று மணி ஆகிவிட்டது. ஏறக்குறைய 600 வெள்ளிப் பூ பழுப்பேறிவிட்டது, அதுவும் ஆடி வெள்ளி அன்றைக்கு.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "நீங்க வேற ஏதாவது மாட்டியிருப்பீங்க" என்றார். அப்புறம் "எலி கடிச்சிருக்கும்கா, எலிக்கு வாரண்டி கிடையாது" என்றார். நேரில் போனேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "வெட்டின ஆளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சண்டை போடவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் லோரி வயரிங் மட்டுமே செய்யும் ஒரு சீனப் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் என்னை ஏர்கானுக்கு அனுப்பவில்லை. ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார்.

முதலில் அந்த வெட்டிய வயர். ரிலே என்பது ஒரு சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் கதவு மாதிரி. அதன் 85, 86 கால்களில் சுருள் இருக்கிறது. 12 வோல்ட்டில் அது இழுப்பது 0.2 ஆம்பியர்கூட இருக்காது. 30, 87 கால்கள் வழியாகத்தான் ஃபேனுக்கான பெரிய கரண்ட் போகிறது. அதனால் சுவிட்சுக்கு மெல்லிய வயரே போதும், கனத்த கரண்ட் கேபினுக்குள் வரவே வேண்டியதில்லை. அந்தச் சின்னக் கரண்ட்டைச் சாவி போட்டால் உயிர் வரும் ஓர் இடத்திலிருந்து, அதற்கென்று தனியாக 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். பிறைக் கடைக்காரர் செய்தது வேறு. கைக்கு எட்டிய வயரில், அதாவது முன்விளக்கு ரிலேயை இயக்கும், வண்டியோடு வந்த கம்பெனி வயரில், தோலைக் குத்திக் கரண்ட் எடுக்கும் நீலக் கடிக்கிளிப்பைக் கடிக்கவிட்டு எடுத்திருக்கிறார். ஃபேனும் முன்விளக்கும் சேர்ந்து ஓடியதற்கு அதுதான் காரணம். சேஃப்டியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு அந்த வயரை இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதிதாக ஓட்டை போட்டு நுழைத்திருக்கிறார். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. மூன்று வாரம் மலை ஏறி இறங்கிய ஆட்டத்தில் மேல்தோல் அறுந்து, செம்பு தகட்டைத் தொட்டு, ஃபியூஸ் போனது. அது முன்விளக்கின் ஃபியூஸ் என்பதால் முன்விளக்கும் போனது. எலி வந்தால் பல்லடையாளம் இருக்கும், கொறித்த தூள் இருக்கும். இது ஒரே நேர்கோட்டு வெட்டு. ஒரு வெள்ளிகூடப் பெறாத ரப்பர் வளையத்தை மிச்சம் பிடித்ததில் என் பிள்ளையின் உயிர் போயிருக்கும்.

அடுத்து பெரியவர் காட்டியதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. பேட்டரியிலிருந்து பாக்ஸுக்கு வரும் மெயின் வயரில் ஃபியூஸே இல்லை. பாக்ஸுக்குள் ஆறு ஃபியூஸ் இருக்கிறதே என்று நாம் நினைப்போம். அவை பாக்ஸைத் தாண்டிப் போகும் வயர்களுக்குத்தான் காவல். பேட்டரிக்கும் பாக்ஸுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் வயர் காவலே இல்லாமல் கிடந்தது, அதுவும் ஒரு இரும்புப் பிடியில் உரசிப் பாதித் தோல் போன நிலையில். அது பாடியைத் தொட்டிருந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், அணைக்க எந்த சுவிட்சும் கிடையாது, வண்டியே எரியும். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பெரியவர் விரலை விரித்துக் காட்டினார். ஃபியூஸ் காப்பது வயரை, பொருளை அல்ல. இது தெரியாமல்தான் இத்தனை வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

அந்தத் "தடித்த செம்பு வயர்" என்ன ஆயிற்று? பெரியவர் கத்தியால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 61 சதவீதத்தைத்தான் அலுமினியம் கடத்தும். தோலைத் தடிமனாக வைத்து வயரைக் கனமாகக் காட்டுகிறார்கள். கையில் தூக்கினால் எடையே இல்லை. ஃபேனுக்குப் போன வயர் அதைவிட மெல்லியது, அதற்கு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் போட்டிருந்தார்கள். வயர் உருகி முடிந்த பிறகும் அந்த ஃபியூஸ் சும்மா உட்கார்ந்திருக்கும். மூட்டுகளெல்லாம் முறுக்கி டேப் சுற்றியது. நம் ஊர் வெயிலில், அதுவும் போனட்டுக்குள், டேப் பசை உருகி ஒழுகி டேப்பே கழன்று தொங்கியது. கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரை, பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திருகியிருந்தார்கள்.

ஃபேன் வயரை உரித்துத் தற்காலிகமாக உயிர் கொடுத்து மல்ட்டிமீட்டர் வைத்துக் காட்டினார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஃபேன் முனையில் 11.6. நடுவில் 2.5 வோல்ட் வழியிலேயே போகிறது. இரண்டு ஃபேனும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுத்தால் 30 வாட், அவ்வளவும் வயரிலும் மூட்டுகளிலும் சூடாக இறங்குகிறது. ஒரு ரிலே சாக்கெட் பழுப்பாகி இளகியிருந்ததன் காரணம் அதுதான். நாள்தோறும் வண்டியில் ஒரு கருகல் வாடை வந்ததே, அதைப் பூ அழுகிய வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தார். முதலில் ஒரு அட்டையில் கணக்கு எழுதினார்: இரண்டு ஃபேனும் முழு வோல்ட்டில் 14 ஆம்பியர், ஃபிரிட்ஜ் 5, விளக்கு நாலரை, போன் சார்ஜருக்கு 2. மொத்தம் 25 ஆம்பியரை ஒட்டி வந்தது. பேட்டரிப் பக்கத்தில் 40 ஆம்பியர் மெயின் ஃபியூஸ், பாக்ஸ் வரை 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஃபேனுக்கு ஆளுக்கொரு ரிலே, ஆளுக்கொரு 10 ஆம்பியர் ஃபியூஸ். முனைகளெல்லாம் கிரிம்ப் அடித்து (உலோக முனையை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைத்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை) போட்டு, வயரை நெளிவுக்குழாய்க்குள் விட்டு, ஓட்டைக்கு ரப்பர் வளையம் வைத்தார். எது எதற்கு என்று மூடியின் உட்பக்கம் என்னையே தமிழில் எழுதச் சொன்னார். இரண்டு நாள் வேலை, 1,150 வெள்ளி. ஒவ்வொரு பொருளும் விலையோடு ரசீதில் இருக்கிறது. இப்போது ஃபேன் முனையில் 13.7 வோல்ட் வருகிறது. ஃபேன் சத்தமே மாறிவிட்டது.

உங்கள் வண்டிக்கு இந்த வேலையைக் கொடுத்தால், தயவுசெய்து வேலை முடிந்ததும் போனட்டைத் திறந்து பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வயரை விரலால் தொடர்ந்து போங்கள். ஒரு சாணுக்குள் ஃபியூஸ் தட்டுப்படவில்லை என்றால் காசு கொடுக்காதீர்கள். வயரைப் பூட்டுவதற்கு முன் ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள், சுரண்டிப் பாருங்கள். "புரியாது" என்று சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ரசீதில் வயரின் அளவும் ஃபியூஸின் ஆம்பியரும் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் "வயரிங் 780" என்ற துண்டுச்சீட்டு மட்டும் இருப்பதால் இப்போது எவ்வளவு அலைச்சல் என்று எனக்குத்தான் தெரியும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பெரியவர் எழுதித் தந்த குறிப்பு, படங்கள், எரிந்த ஃபியூஸ்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

கழற்றிய வயரும் அந்தப் பாக்ஸும் கடையில் ஒரு பூக்கூடைக்குள் இருக்கின்றன. இந்த வேலை செய்யப் போகிறவர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். வியாழக்கிழமை மட்டும் வரவேண்டாம், அன்று மலையில் இருப்பேன்.