டெக்சாஸ் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பு: ஆன்லைனா, நேரடி வகுப்பா?

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டையாட வேண்டுமானால் பாதுகாப்புப் படிப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் மொத்தத்தையும் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். நான் வகுப்புக்குப் போனேன். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் ஆன்லைனில் முடித்தார்கள். மூவரும் ஒரே சீசனில் புறா வேட்டைக்குப் போனதால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு கிடைத்தது.

நம்மவர்களில் பலர் இதை விசாரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. அதனால் உரிமத்துக்காக மட்டும் இந்தப் படிப்பைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆன்லைன் பக்கமே போகிறார்கள்.

ஆன்லைனின் வசதியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் உட்காரலாம், பாதியில் நிறுத்தலாம். மேற்கு டெக்சாஸில் பக்கத்து ஊரே வெகுதூரம் என்பவர்களுக்கு வேறு நல்ல வழியும் இல்லை. சட்டப் பகுதி ஆன்லைனில்தான் தெளிவாக இருக்கிறது என்பேன். பொதுநிலங்களில் ஆரஞ்சு உடை எவ்வளவு தெரிய வேண்டும் என்பது போன்ற விதிகளை வகுப்பில் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். திரையில் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

காசு விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வகுப்புக்கு 15 டாலர். துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியை 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் மாநிலங்களுக்குத் திருப்பிவிடுகிறது. இந்தப் பயிற்சிகளுக்கும் அதிலிருந்து பணம் வருகிறது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அதனால்தான் இவ்வளவு மலிவு.

நான் வகுப்பின் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: துப்பாக்கிமுனை எங்கே பார்க்கிறது என்பதைக் கூடவே நின்று கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார்.

டெக்சாஸ் வேட்டை விபத்து அறிக்கைகளில் அடிக்கடி முன்னால் நிற்கும் காரணம், பறக்கும் பறவையைத் தொடர்ந்தபடியே துப்பாக்கியைத் தன் எல்லைக்கு வெளியே திருப்பிச் சுட்டுவிடுவது. இதற்கு எல்லோருக்கும் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். பார்வையைத் தூரத்தில் ஒரு பொருளில் நிறுத்திக் கைகளை மெல்ல முன்னால் கொண்டுவர வேண்டும். கண்ணை அசைக்காமலே இரண்டு விரல்களும் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால், நடுவில் இருப்பதுதான் நாம் சுடலாம் என்கிற எல்லை. ஆன்லைனிலும் இது படத்தோடு வருகிறது, கேள்வியும் வருகிறது, சரியான பதிலை யாரும் டிக் அடித்துவிடுவார்கள்.

வகுப்பில் மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, கையில் சுட முடியாத மாதிரித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வாத்தியார் கழியில் கட்டிய பொம்மைப் புறாவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட்டினார். நடுவில் நின்றவர் அதோடு சேர்ந்து திரும்பித் திரும்பி, கடைசியில் பக்கத்து ஆளின் காதுக்கு நேராக வந்து நின்றார். எழுத்துத் தேர்வில் அவர்தான் எங்களுக்குள் கெட்டிக்காரர்! “முனை எங்கே இருக்கிறது பாருங்கள்” என்று வாத்தியார் சொன்னபோது அவர் முகம் போன போக்கைத் திரையில் பார்க்க முடியாது.

தோட்டா விஷயமும் இப்படித்தான். கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் எண்; எண் கூடினால் அகலம் குறைவு. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது உள்ளே வழுக்கிக்கொண்டு போய்க் குழலில் சிக்கும். பார்த்தால் காலியாகத் தெரியும். பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம். 20 கேஜ் மஞ்சள் நிறத்தில் வருவதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். வெடிக்காத போலித் தோட்டாவை என் கையாலேயே குழலுக்குள் விட்டுப் பார்த்தபின், பையில் இரண்டையும் ஒன்றாகப் போட மனம் வராது.

வகுப்பிலும் குறை உண்டு. எல்லாமே ஆசிரியரைப் பொறுத்தது. சிலர் பாதி நேரம் தங்கள் மான் கதைகளையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். சீசன் நெருங்கினால் இடம் கிடைப்பதும் கஷ்டம். வில் வேட்டைக்கும் மரத்துப் பரணில் ஏறுவதற்கும் எது உதவும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தரையில் நின்று புறா சுட்டவன், அவ்வளவுதான்.

வீட்டில் சிறு வயதில் துப்பாக்கி பிடித்து வளர்ந்தவருக்கு ஆன்லைன் போதும். அமெரிக்கா வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொடுகிறவர், அதாவது நம்மில் பெரும்பாலோர், வகுப்புக்குப் போங்கள். அது முடியவில்லையென்றால், 9 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் விதியைப் பின்பற்றலாம்: பாடத்தை ஆன்லைனில் முடித்துவிட்டுக் களப்பயிற்சிக்கு நேரில் போவது. இந்த ஆண்டு இரண்டுக்குமே நேரமில்லை என்றால், 17 வயது ஆனவர்கள் 10 டாலர் கட்டி ஒரே ஒரு முறை தள்ளிப்போடலாம். ஆனால் படிப்பை முடித்த, உரிமம் உள்ள ஒருவர் கூடவே வர வேண்டும்.