ஆர்கேட் பெட்டியின் வளைவுக்கு எட்ஜ் பேண்டா, டி டிரிம்மா?

வீட்டில் ஆர்கேட் பெட்டி (திரையும் பட்டன்களும் வைத்த வீடியோ கேம் பெட்டி) செய்பவர்கள் பக்கப் பலகையின் விளிம்பை மூடப் பெரும்பாலும் மூன்று பொருள்களில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். அவற்றில் யு வடிவ ரப்பர் டிரிம் நேர் விளிம்புக்குச் சரி. வளைவில் அதன் உதடு சுருங்கி மடிப்பு விழும், வேண்டாம்.

எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பில் பசை வைத்து ஒட்டும் மெல்லிய பட்டை, நாகர்கோவில், மார்த்தாண்டம் பிளைவுட் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும். 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. பட்டை வாங்கி, மிஞ்சுவதைச் சீவிவிடலாம். வெளிப்பக்கம் புடைத்த வளைவில் 0.8 மி.மீ. பட்டை அழகாகப் படியும். ஆனால் திரையும் கன்ட்ரோல் பேனலும் சேரும் இடத்தில் பலகை உள்நோக்கிக் குழியும் அல்லவா, அங்கேதான் வம்பு. பட்டை நிமிரப் பார்க்கும். குழிவின் நடுவில் பசை விடும். நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. ரப்பர் பசை காயும்போது ஈரக் காற்று பட்டால் பிடிப்பு இன்னும் குறையும். மழை நாளில் ஒட்டவே கூடாது.

என் ஓட்டு டி டிரிம்முக்கு. ஆங்கில T எழுத்தைப் போன்ற பிளாஸ்டிக் பட்டை இது: விளிம்பை மூட முகப்புப் பட்டை, அதன் பின்னால் நடுவில் ஒரு நாக்கு. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அதைப் பிடித்து நிறுத்துவது பசை அல்ல, பலகை விளிம்பில் வெட்டிய காடிக்குள் (ஒடுங்கிய பள்ளத்துக்குள்) இறங்கும் முள் வைத்த அந்த நாக்கு. புடைத்த வளைவில் நாக்கு நெருக்குண்டு மடங்கும், அதனால் கத்தியால் வி வடிவில் துண்டு துண்டாக எடுத்துவிட வேண்டும். குழிவில் நாக்கு இழுபடும். நேராகக் கீறிவிட்டாலே போதும். கீறல் முகப்புப் பட்டையைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த இடம் முறிந்து தெரியும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, கையால் அமுக்கி, அப்புறம் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். மே மாத வெயிலில் முற்றத்தில் சற்றுநேரம் விரித்துப் போட்டாலே நன்றாக இளகிவிடும்.

டி டிரிம்மின் கஷ்டமெல்லாம் காடியில்தான். ரௌட்டரில் (மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவியில்) மாட்ட 1.6 மி.மீ. ஸ்லாட் கட்டர், அதாவது காடி வெட்டும் அலகு, வேண்டும். ஆசாரியிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காடி நடுவிலிருந்து விலகினால் டிரிம் ஒரு பக்கம் துருத்தும். பலகையின் வெளிமுகத்தில் மட்டும் ரௌட்டரை வைத்து ஓட்டினால், வெளியே தெரியும் பக்கம் எங்கும் ஒரே அளவாக அமையும். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் சில நேரம் அதைவிட மெலிந்திருக்கும். அளந்து பார்த்தே டிரிம்மின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.

கூர்மையான உள்மூலைக்கு எந்த டிரிம்மும் வளையாது. படம் வரையும்போதே அந்த மூலையை உருட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூலைக் கோணத்தில் பாதியாக (செங்கோணமானால் 45 பாகையில்) வெட்டி இணைக்க வேண்டியதுதான்.