டெல்டாவின் புற்றுநோயாளிகளுக்கு எந்த ரேடியோ அலைச் சிகிச்சை துணைநிற்கும்?

ரேடியோ அலைவரிசை மின்னாற்றலைப் பயன்படுத்தும் மூன்று முறைகளை, காவிரி டெல்டாவின் நோயாளிகளை மனத்தில் வைத்து ஒப்பிட வேண்டியுள்ளது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் ‘கரண்ட்’ (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துக்கொள்ள மயிலாடுதுறை, வேதாரண்யம் பக்கத்துப் பெண்கள் வாரக்கணக்கில் வெளியூர் போய்வர வேண்டியிருப்பதால், அந்தச் சிகிச்சையின் பலனைக் கூட்டித் தரும் முறைக்கே நான் முதலிடம் தருவேன்.

ஊசி செலுத்தி, சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டத்தால் கட்டியை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி அழிக்கும் முறை, 3 செ.மீ.க்கு உட்பட்ட ஈரல் கட்டிகளுக்கு நன்கு உதவுகிறது. பரவலாக வளர்ந்த இடுப்புக் கட்டிகளுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது முறையில் வெப்பத்துக்கு வேலையில்லை. மழித்த தலையில் ஒட்டும் பட்டைகள் வழியாக 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலம் செலுத்தப்பட்டு, செல் பிரிவது தடுக்கப்படுகிறது. கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டி கொண்ட 695 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மருந்தோடு இதையும் சேர்த்தபோது இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 16 மாதங்களிலிருந்து 20.9 மாதங்களாக உயர்ந்தது. அது மெய்யான பயன்தான். ஆனாலும் இது நாளுக்கு 18 மணி நேரம் அணிய வேண்டிய கருவி; சித்திரை வியர்வையிலும் பட்டை ஒட்டி நிற்க வேண்டும். 2018 கஜா புயலுக்குப் பின் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்த ஊர்களில் பேட்டரிக்கு எப்படி மின்னேற்றுவது?

மூன்றாவது முறையான ஹைப்பர்தெர்மியா, கட்டியை 40 முதல் 43 டிகிரி வரை மட்டுமே சூடாக்குகிறது. அந்த வெப்பத்தில் இரத்த ஓட்டம் கூடி ஆக்சிஜன் சேர்வதாலும், கதிர்வீச்சால் உடைந்த டி.என்.ஏ.வைச் செல் பழுதுபார்க்க முடியாமல் தடுமாறுவதாலும் கதிர்வீச்சின் தாக்கம் கூடுகிறது. நெதர்லாந்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை இதையும் பெற்ற கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளில் 51 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினரே. கதிர்வீச்சுக்கு வந்த நாளிலேயே கொடுத்துவிடலாம் என்பதால் கூடுதல் பயணமும் இல்லை.

எனினும் சர்வதேச அணுசக்தி முகமை நடத்தி 2005இல் வெளியான ஆய்வில் இப்பயன் கிட்டவில்லை. 1999க்குப் பின் சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தோடு கதிர்வீச்சு தருவதே வழக்கமாகிவிட்டதால், அதற்கும் மேலாக வெப்பம் எவ்வளவு சேர்க்கிறது என்பதையே இனி அளக்க வேண்டும். குறைந்த அலைவரிசைத் தகட்டுக் கருவிகள் தோலடிக் கொழுப்பைச் சுட்டுவிடக்கூடும் என்பதால், கட்டிக்குள் வெப்பநிலையை அளக்கும் ஏற்பாடும் பயிற்சி பெற்ற மருத்துவ இயற்பியலாளரும் அமைந்த பிறகே இங்கே கருவி வாங்க வேண்டும்.