எல்லோராவில் எனக்குக் கல்லைக் காட்டிய வழிகாட்டி

மாமல்லபுரத்தில் முப்பது ஆண்டுகளாக உளி பிடிக்கிறேன். எல்லோராக் கல்லை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அவுரங்காபாத்தில் தங்கிய விடுதியில் சொல்லி, வண்டியும் வழிகாட்டியுமாக ஒரு நாளைக்கு 4,500 ரூபாய் பேசிக்கொண்டோம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர் கேட்காமலேயே ஒரு சேலைக் கடையில் நிறுத்தி ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டார். கடை வேண்டாம் என்று கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டியோ தங்கமான மனிதர். நான் கல்வேலைக்காரன் என்றதும் ராஜா கதைகளை ஒதுக்கிவிட்டார். சாலைக்காக வெட்டிய மேட்டில் இறக்கி, இரண்டு கரும்பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு சாண் செம்மண் பட்டையைக் காட்டினார். ஒரு எரிமலைக் குழம்பு ஓடி இறுகி, வெயிலும் மழையும் பட்டு அதன் மேற்பரப்பு மண்ணான பிறகுதான் அடுத்த குழம்பு வந்து மூடியதாம். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழைய மண் என் விரலில் ஒட்டியது.

பாதையோரம் ஓர் உருண்டைப் பாறை கிடந்தது. விரலை மடக்கித் தட்டினேன். எங்கள் ஊரில் நல்ல கல் வெண்கல மணிபோல் ஒலிக்கும், இது மொத்தென்றது. வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாகக் கையோடு வந்தது. குழம்பு ஆறியபோது விழுந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, கல்லை மூலைகளில்தான் முதலில் தின்னுமாம். அதனால்தான் சதுரக் கல்லும் உருண்டையாகிறது. கல்லிலுள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாகிறது. இன்னும் மக்கினால் கரிசல் மண். அந்தப் பக்கம் பருத்தி ஏன் அப்படி விளைகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

16ஆம் குகை, கைலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டில் மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கியது. ஒரு சுவரில் ஜவ்வரிசி சிதறியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். குழம்பில் அடைபட்ட காற்றுக் குமிழிகளில் பிற்காலத்தில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிய கனிமங்கள் அவை என்றார். சில உதிர்ந்து குழி விழுந்திருந்தது. இத்தகைய இடத்தில் உளி துள்ளும், எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்துக் கோடு பிசகாமல் ஓடுகிறது. அந்த இடத்தில் கையை இளக்கித் தட்டியிருக்கிறார், யாரோ ஒரு பெரியவர். அங்கே வெகுநேரம் நின்றேன். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், சாய்வெயில் பட்டால்தான் அந்தப் புள்ளிகள் நன்றாகத் தெரிகின்றன.