ராதிகாவா, தேவயானியா?

கல்லடியில் எங்கள் ஒழுங்கைப் பெண்களிடம், சினிமாவிலிருந்து தொலைக்காட்சித் தொடருக்கு வந்த நடிகைகளில் யார் சிறந்தவர் என்று கேட்டால் பாதிப் பேர் ராதிகாவின் 'சித்தி' என்பார்கள், மீதிப் பேர் தேவயானியின் 'கோலங்கள்' என்பார்கள். என் வாக்கு ராதிகாவுக்கே.

1978இல் பாரதிராஜா படத்தில் அறிமுகமான அவர், 1999இல் 'சித்தி'யைத் தொடங்கியபோது வெறும் நடிகையாக வரவில்லை. தொடரைத் தயாரித்ததும் அவருடைய ராடான் நிறுவனம்தான். சினிமாவில் கதாநாயகிக்கு வயது ஏறினால் அக்கா, அம்மா வேடம்தான் காத்திருக்கும். இங்கே கதையே அவரைச் சுற்றி ஓடியது, இலாபமும் அவர் பக்கம் வந்தது. 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி' என்று அடுத்தடுத்து வந்ததற்கு அந்த முதலாளித்தனமே காரணம் என்று நினைக்கிறேன். பெரிய திரையையும் அவர் கைவிடவில்லை.

தேவயானியின் கதை வேறு. அவர் நடித்த 'காதல் கோட்டை' படம் வெளியாகி ஏழே ஆண்டுகளில், 2003இல், திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' தொடரில் அபியாக வந்தார். 2009 வரை அது ஓடியது. அமைதியான முகம், அடங்கிய குரல். அழுகை மட்டும் கொஞ்சம் அதிகம். ஆனாலும் வில்லன் ஆதியை அபி நிமிர்ந்து எதிர்க்கும் காட்சிகளில் ராதிகாவே தோற்றுவிடுவார். அந்த மாதிரிக் காட்சிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.