ஒரு சாவி, இரண்டு பெட்டி: எண்டர் தி கன்ஜன்

ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்ததும் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியைக் கையில் எடுப்பேன். ஒரே ஒரு ரன், அதாவது தொடக்கத்திலிருந்து சாகும்வரையோ ஜெயிக்கும்வரையோ ஒரு ஆட்டம், அப்புறம் தூக்கம். மூன்று வருடமாக எண்டர் தி கன்ஜன் என்ற வீடியோ கேம் இப்படித்தான் ஓடுகிறது. இன்னும் சலிக்கவில்லை, கோபம் மட்டும் பல தடவை வந்திருக்கிறது.

டாட்ஜ் ரோல் என்ற சிறிய குழு உருவாக்கி 2016 ஏப்ரலில் வெளிவந்த கேம் இது. கடந்த காலத்தையே சுட்டுக் கொல்லும் துப்பாக்கி ஒன்று நிலவறையின் அடியில் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தப்பைத் திருத்தியே ஆக வேண்டும் என்றிருப்பவர்கள் அதைத் தேடி இறங்குகிறார்கள். ஐந்து தளங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. செத்தால் சேர்த்த துப்பாக்கிகள் எல்லாம் போய்விடும். மறுபடி முதல் தளம்தான், அறைகளும் இடம் மாறியிருக்கும்.

இந்த கேமின் உயிரே குட்டிக்கரணத்தில்தான் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ஆள் பாய்ந்து உருளுவார். காற்றில் இருக்கும் முதல் பாதியில் எந்தத் தோட்டாவும் அவரை ஒன்றும் செய்யாது. தரையில் உருளும் மறுபாதியில் பட்டால் பட்டதுதான். தோட்டாவைப் பார்த்ததும் கை தானாக எதிர்த்திசைக்கு இழுக்கும். அப்படி ஓடினால் உருண்டு முடிக்கும் இடத்தில் அது நம்மைப் பிடித்துவிடும். தோட்டாவை நோக்கியே பாய்ந்து அதைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு இது கைக்கு வர ஒரு மாதம் ஆனது. முதல் தளத்தில் வரும் புல்லட் கிங் சிம்மாசனத்தோடு சுழன்று வட்டம் வட்டமாகத் தோட்டாக்களை விடும்போது, அந்த வட்டத்துக்குள் பாய்ந்து மறுபக்கம் எழுந்து நின்ற அன்று எனக்கு வந்த சந்தோஷம் சாதாரணமானது இல்லை. ஒரு அடிகூடப் படாமல் பாஸை வீழ்த்தினால் உயிரைக் கணக்கிடும் இதயங்களில் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அதற்காகவே பாஸ் அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன்.

துப்பாக்கிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கடிதங்களை வீசும் தபால் பெட்டி, மீன்களைக் கக்கும் பீப்பாய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2018-இல் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, குறிப்பிட்ட இரண்டு பொருட்கள் சேர்ந்தால் புதிய சக்தி பிறக்கும் சினர்ஜியும் வந்தது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். நல்ல துப்பாக்கிகள் பூட்டிய பெட்டிகளுக்குள் இருக்கும், ஆனால் ரன் தொடங்கும்போது கையில் இருப்பது ஒரே ஒரு சாவி. பெட்டிகளுக்கு நிறத்தில் தரம் உண்டு: பழுப்பு மட்டம், கருப்பு உசத்தி. போன வாரம் ஹண்டர் என்ற பாத்திரத்தோடு இறங்கினேன், கூடவே அவள் நாயும். முதலில் கண்ணில் பட்டது நீலப் பெட்டி. சாவியைப் போட்டுத் திறந்துவிட்டேன். இரண்டு அறை தள்ளி அதைவிட உசத்தியான ஒரு சிவப்புப் பெட்டி. கடையில் சாவி இருந்தது, அதை வாங்கக் காசு போதவில்லை. பூட்டிய பெட்டியைச் சுட்டு உடைக்கலாம்தான், உள்ளே பெரும்பாலும் குப்பைதான் மிஞ்சும். எனக்கும் குப்பைதான் வந்தது. அதன் பலன் மூன்றாவது தளமான சுரங்கத்தில் தெரிந்தது. ஹண்டரின் குறுக்குவில்லுக்கு அம்பு தீர்ந்து, ஆரம்பத்தில் கொடுத்த துருப்பிடித்த கைத்துப்பாக்கியால் ஒவ்வொரு எதிரியையும் சுட்டுக்கொண்டே இருந்தேன். ஆட்டத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. அறைகள்தான் நீண்டுகொண்டே போயின, ஒரு கட்டத்தில் கை அசந்துவிட்டது. திறமைக்குத் தோற்றால் ஒத்துக்கொள்ளலாம். சாவிக்குத் தோற்றது வலிக்கிறது.

நல்ல துப்பாக்கி கிடைத்தாலும் இன்னொரு தடை உண்டு. பாஸுக்கு ஒரு நொடியில் இவ்வளவுதான் சேதம் ஏறும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதிர்ஷ்டம் கைகொடுத்த அபூர்வ ரன்னில்கூட அதை முழுசாக அனுபவிக்க விடாததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அவசரமாக ஜெயிக்க நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை மெதுவாகப் பழகுவதை ரசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வீட்டில் இன்னொருவர் இருந்தால் கட்டாயம் வாங்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்தே ஆடலாம். இரண்டாவது ஆளுக்கு கல்டிஸ்ட் என்ற பாத்திரம். ஆனால் கேமுக்குள் ஆன்லைன் வசதி இல்லை, ஒரே திரை முன்னால் உட்கார்ந்தால்தான் உண்டு. தம்பி கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதிலிருந்து எங்களுக்குப் பொங்கல் லீவும் தீபாவளி லீவும்தான்.

இந்தப் பொங்கலுக்கு நான்காவது தளத்தில் அவன் செத்துவிட்டான். ஒருவர் செத்தால், அடுத்துத் திறக்கும் பெட்டியில் துப்பாக்கிக்குப் பதிலாக அவர் உயிரோடு எழுந்து வருவார். என்னிடம் அரை இதயம்தான் மிச்சம். "அக்கா, சுடாதே, உருண்டுகிட்டே இரு" என்று பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தான். மேசையைக் கவிழ்த்து அதன் பின்னால் ஒளிந்து, கடைசி எதிரி விழும்வரை அப்படியே தாக்குப்பிடித்துப் பெட்டி இருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். திறந்ததும் அவன் எழுந்து வந்தான். அந்த ஒரு பெட்டியில் என்ன துப்பாக்கி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.