பிக்கப்பில் ஸ்பாட் லைட்டும் டிம்மரும்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

பொள்ளாச்சி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் வால்பாறை போய்ச் சேரணும். வாரத்துக்கு நாலு நாள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி, அட்டகட்டிக்கு மேலே எந்நேரமும் மூடுபனி. பிக்கப்போட ஹெட்லைட் அந்த ரோட்டுக்குப் பத்தாது. அதனால் தலா 40 வாட் எல்இடி லைட் ஒரு ஜோடி (2,800 ரூபாய்), ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த ஒயரிங் செட் (650), வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வட்டக் குமிழ் டிம்மர் (380) மூணையும் ஆன்லைனில் வாங்கினேன்.

லைட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் 'ஸ்பாட்' என்று நேராகக் குத்தும் லைட்டை மலைக்கு வாங்காதீர்கள். கொண்டை ஊசியில் வண்டி திரும்பும்போது அந்த வெளிச்சம் ரோட்டில் விழாது, பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் போகும். ஒன்பதாவது வளைவில் கீழே ஆழியாறு அணைப் பக்கம் வெளிச்சம் அடித்துக்கொண்டு, டயருக்கு முன்னாடி என்ன இருக்கிறது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அகலமாகப் பரவும் கண்ணாடி போட்டது வாங்குங்கள். நான் பிறகு ஒரு பக்கம் மட்டும் மாற்றிக்கொண்டேன்.

பனியில் பிரச்சினை வேறு. முழு வெளிச்சத்தில் போட்டால் முன்னாடி வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டின மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் டிம்மர். அதில்தான் ஒரு மாசம் அலைந்தேன்.

முதலில் மாட்டிக் கொடுத்த ஆள் கைவேகக்காரர். அரை நாளில் முடித்துவிட்டார். லைட் எரிந்தது. குமிழைத் திருப்பினேன், ஒரு மாற்றமும் இல்லை. இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினாலும் ஒரே வெளிச்சம். "டிம்மர் டூப்ளிகேட்டுங்க, வேற வாங்குங்க" என்றார். வாங்கினேன். அதுவும் அப்படியே. லேபர் இரண்டு தடவை கொடுத்தேன்.

கடைசியில் உடுமலை ரோட்டில் ஒரு பெரியவரிடம் போனேன். கடை என்று சொல்ல முடியாது, தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு டெஸ்ட் லாம்ப். டிம்மரைத் தொடவே இல்லை. பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, கறுப்பு ஒயரை பாடியில முடுக்கி வெச்சிருக்குது, அப்பறம் டிம்மர் எப்படி கேக்கும்?" என்றார்.

விஷயம் இதுதான். டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பது கரண்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை விட்டு விட்டுக் கொடுப்பதால். இந்த மாதிரி டிம்மர் நிறையவற்றில் ப்ளஸ் நேராகப் போய்விடும், விட்டு விட்டு வெட்டுவது மைனஸ் பக்கம். வண்டியோட பாடி பேட்டரி மைனஸோடு சேர்ந்தது. அதனால் லைட்டோட மைனஸை, அதாவது கறுப்பு ஒயரை, பாடியில் பிடித்தால் கரண்ட் டிம்மருக்குள் வராமலே பேட்டரிக்குத் திரும்பிவிடும். பிறகு குமிழ் அலங்காரம்தான். இரண்டு லைட்டோட கறுப்பையும் பாடியிலிருந்து கழட்டி, ஒன்றாகச் சேர்த்து, டிம்மரோட மைனஸ் முனைக்கு இழுத்தார். திருப்பினதும் அடங்கியது. 200 ரூபாய் வாங்கினார்.

அதோடு விடவில்லை. ரிலே பழைய ஆள் போட்டபடி பேட்டரியிலிருந்து நீளமான ஒயரில், வழியில் ஃப்யூஸே இல்லாமல் இருந்தது. எங்காவது உரசினால் வண்டி பத்திக்கொள்ளும். பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, அதிலிருந்து ரிலேயின் 30 என்று எண் போட்ட முனைக்கு, வெளியே 87 முனையிலிருந்து டிம்மருக்கு. 85 பாடிக்கு. 86-க்கு ஹை பீம் ஒயரிலிருந்து டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஒரு மெல்லிய ஒயர். எதிரே லாரி வரும்போது நான் ஹெட்லைட்டை ஹை பீமிலிருந்து இறக்கினாலே இந்த இரண்டு லைட்டும் சேர்ந்து அணையும். 80 வாட்டுக்கு ஆறேழு ஆம்பியர் ஓடும். அதைச் சின்ன சுவிட்ச் தாங்காது, ரிலே தாங்கும். சுவிட்சுக்குப் போவது ரிலேயை இழுக்கிற அளவு மட்டும்.

டிம்மரை ரிலேக்கு முன்னாடி, சுவிட்ச் ஒயரில் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார். அப்படிப் போட்ட ஜீப் ஒன்றை நானே ஒரு நண்பனிடம் பார்த்திருக்கிறேன், விட்டு விட்டு வரும் கரண்டில் பானெட்டுக்குள் சில்வண்டு கத்தின மாதிரி ரிலே டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது.

டிம்மருக்கு என்னோட மதிப்பெண் பத்துக்கு ஆறு. கால்வாசிக்குக் கீழே திருப்பினால் லைட் மினுக்குகிறது. எல்இடிக்குள்ளேயே கரண்டைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட் ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்த விட்டு விட்டு வரும் கரண்ட் பிடிப்பதில்லை. குறைத்து வைத்தால் எஃப்எம்மில் ஒரு இரைச்சல் வேறு. தண்ணீர் பட்டால் தாங்காது, அதனால் கேபினுக்குள் ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ரிலேக்குப் பின்னாடி இருப்பதால் வண்டி நிற்கும்போது பேட்டரியைக் குடிப்பதில்லை, அது நல்லது.

பனியில் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்து ஓட்டுகிறேன். வெள்ளை வெளிச்சம்தான், மஞ்சளாக இருந்தால் இன்னும் கண்ணுக்கு இதமாக இருக்கும். காட்டுமாடு ரோட்டில் நின்றால் சுவிட்சையே அணைத்துவிட்டுக் காத்திருப்பேன், அதன் கண்ணில் அடித்து மிரட்ட நமக்கு என்ன அவசரம்.

டூப்ளிகேட் என்று கழட்டி வீசச் சொன்ன முதல் டிம்மர் நன்றாகத்தான் இருக்கிறது. கோழிக்கூண்டில் 12 வோல்ட் பல்புக்குப் போட்டிருக்கிறேன்.